உண்டிவில்லா, காற்றாடியா, சாட்டையா: பிட்சர் ஆக ஆசைப்படும் பெண்ணுக்கு எந்த வீச்சு?

என் மகளுக்கு சாஃப்ட்பாலில் பந்து எறியச் சொல்லித்தர மூன்று பேர் இருக்கிறார்கள். சிக்கலே அதுதான். (சாஃப்ட்பால் என்பது பேஸ்பால் மாதிரி ஆட்டம். பேட்டருக்குப் பந்து எறிபவர் பிட்சர், பேட்டருக்குப் பின்னால் இருந்து அதைப் பிடிப்பவர் கேட்சர்.)

பள்ளியில் பி.டி. சார். ரிடையர் ஆக இன்னும் ஒரு வருஷம்தான். 1990களில் எனக்கும் அவர்தான் சார். "கையைப் பின்னால கொண்டுபோ, இழு, விடு. அவ்ளோதான்" என்பார். அப்புறம் பத்தாம் வகுப்பு படிக்கும் சீனியர் பெண். டீமின் முதல் பிட்சர். கையை முழு வட்டமாகச் சுற்றி, மணிக்கட்டைச் சுண்டி, முழங்கையைக் கேட்சரைப் பார்த்து நீட்டி முடிக்கச் சொல்கிறாள். மூன்றாவது, சனிக்கிழமை காலையில் தண்டையார்பேட்டை மைதானத்துக்கு வரும் கோச் அக்கா. என் மகள் அப்படித்தான் கூப்பிடுகிறாள், எனக்கு அவர் ஜூனியர். "முழங்கையை மறந்துடு. முன்கை இடுப்புல உரசிட்டு வரட்டும், கை தானா திரும்பும்" என்பது அவர் பாடம்.

பன்னிரண்டு வயசுப் பிள்ளை என்ன செய்யும்? சார் நின்றால் ஒரு மாதிரி, அக்கா நின்றால் இன்னொரு மாதிரி. போன மாதம் ஒரு மேட்சில் வரிசையாக நான்கு பேருக்கு வாக் (பந்து குறி தப்பித் தப்பிப் போனதால் பேட்டர் அடிக்காமலேயே முதல் பேஸுக்குப் போவது) கொடுத்துவிட்டு வந்து, கிளவுஸை பையில் போட்டு ஜிப் இழுத்துவிட்டாள். அன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் உட்கார்ந்து, எது வேண்டும், எது வேண்டாம் என்று பேசி முடிவு செய்தோம். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே குழப்பத்தில் இருக்கும் அப்பா அம்மாக்கள் இந்தப் பக்கம் இன்னும் சிலராவது இருப்பார்கள்.

வடசென்னை என்றால் கேரம், பாக்ஸிங், ஃபுட்பால் என்றுதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். சாஃப்ட்பால் இங்கே பள்ளி மைதானத்துக்குள்ளேயே இருந்துவிட்ட ஆட்டம். தெருவில் யாரும் ஆடமாட்டார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் காலேஜ் சீட் கிடைக்கும், சர்டிபிகேட் வரும் என்று வீட்டில் விட்டுவைப்பார்கள். என்னையும் அப்படித்தான் விட்டார்கள். அதனால் சின்ன வயதில் டிவியில் பார்த்துப் பழக நமக்கு பிட்சரே கிடையாது. சொல்லித்தருபவர் கையைத்தான் பார்க்கிறோம். அவர் கை எப்படியோ, நம் கை அப்படி.

முதலில் அளவுகளைப் பார்த்துவிடலாம், பின்னால் தேவைப்படும். பெண்கள் ஆட்டத்தில் பிட்சர் மிதிக்கும் பலகைக்கும் பேட்டர் பக்கத்தில் இருக்கும் ஹோம் பிளேட்டுக்கும் நடுவே 43 அடி, அதாவது 13.11 மீட்டர். ஆண்களுக்கு 46 அடி. பேஸ்பாலில் இதுவே 60 அடி 6 அங்குலம். சாஃப்ட்பால் பிட்சர் ஒரு நீண்ட எட்டு முன்னால் வைத்து எறிவதால், பந்து காற்றில் போவது 11 மீட்டர் சொச்சம்தான். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் பேட்டருக்குக் கிடைப்பது சுமார் 0.4 விநாடி. அமெரிக்காவின் மோனிகா அபாட் 2012இல் மணிக்கு 77 மைல் வேகத்தில் எறிந்தார், கிலோமீட்டரில் 124 வரும். பந்தின் சுற்றளவு 12 அங்குலம், எடை 178 முதல் 198 கிராம் வரை. கிரிக்கெட் பந்தைக் கையில் பிடித்துப் பழகியவர்களுக்கு இது தேங்காய் மாதிரி இருக்கும். இந்தத் தேங்காயைத் தோளுக்கு மேலே கையைத் தூக்காமல், இடுப்புக்குக் கீழிருந்து எறிய வேண்டும். மணிக்கட்டு உடம்பிலிருந்து முழங்கையைவிட விலகிப் போகக் கூடாது என்றும் விதி உண்டு. இந்த விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, முதல் கேள்வி: உண்டிவில்லா, காற்றாடியா?

ஸ்லிங்ஷாட் என்பதைத்தான் உண்டிவில் என்கிறேன். கை முழுச் சுற்று சுற்றாது. உடம்பைப் பக்கவாட்டில் திறந்து, நேராகக் கையைப் பின்னால், முடிந்தவரை மேலே கொண்டுபோய், ஒரு கணம் நிறுத்தினாற்போல் வைத்து, அதே பாதையில் கீழே இறக்கி விடுவது. விண்ட்மில் என்றால் கை முன்னால் எழும்பி, தலைக்கு மேலே போய், பின்னால் இறங்கி, இடுப்பருகே பந்தை விடும். முழு வட்டம். (இந்த ஊரில் காத்தாடி என்றாலே எல்லாரும் மாஞ்சாவைத் தேடுவார்கள், நான் சொல்வது காற்றாலையில் சுற்றுகிற காற்றாடி.)

சாரின் உண்டிவில்லைக் கிண்டல் செய்பவர்களோடு நான் சேரமாட்டேன். 1960களின் தொடக்கத்தில், பேஸ்பாலின் பெரிய பேட்டர்களில் ஒருவரான டெட் வில்லியம்ஸைத் திணறடித்த ஜோன் ஜாய்ஸ் எறிந்தது இந்த வீச்சுதான். கற்றுக்கொள்வதும் சுலபம். அசையும் பாகம் குறைவு என்பதால் தப்புவதும் குறைவு. புதுப்பிள்ளைகூட இரண்டு மூன்று வாரத்தில் ஸ்ட்ரைக் (குறிக்குள் போகும் பந்து) போட ஆரம்பித்துவிடும். கை எப்போது திரும்பி முன்னால் வரும் என்று பேட்டரால் தாளம் பிடிக்க முடியாது. சார் ஏன் இதைப் பிடித்துக்கொண்டார் என்பதும் எனக்குப் புரிகிறது. அவருக்கு வருஷத்துக்கு ஒரு டோர்னமென்ட், பயிற்சிக்கு நாற்பது நாள், புதிதாகச் சேர்ந்த பதினாறு பிள்ளைகள். வாக் கொடுக்காமல் ஏழு இன்னிங்ஸை முடிக்க ஒருத்தி வேண்டும். அந்த நிலைமையில் நானும் அதைத்தான் சொல்லிக்கொடுப்பேன்.

ஆனால் விலை உண்டு. பந்து வேகம் எடுக்கும் தூரம் இதில் குறைவு. இருக்கிற அரை வட்டத்துக்குள் எல்லா வேகத்தையும் உண்டாக்க வேண்டும். கை பின்னால் போய் நிற்கிற நேரத்தில் கால் என்ன செய்வது என்று தெரியாது, கால் ஒரு கதை, கை ஒரு கதை. அதனால் பாரம் முழுக்கத் தோள் மேல் விழும், அதுவும் பின்னால் நன்றாக வளையாத தோள் என்றால் கேட்கவே வேண்டாம். என் வலது தோளின் முன்பக்கம் இன்றைக்கும் மாவுப் பானையை இறக்கும்போது ஞாபகப்படுத்தும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: இன்று உலகத்தில் பெரிய ஆட்டங்களில் எறிபவர்கள் விண்ட்மில் போடுபவர்களே. உண்டிவில்லை உயரமான இடத்துக்குக் கொண்டுபோகச் சொல்லித்தர ஆள் கிடைக்காது. பிள்ளைக்கு ஆசை வந்து, ஃபோனில் யாரையாவது பார்த்துக் கற்கலாம் என்றாலும் கிடைக்காது.

விண்ட்மில்லைப் பற்றி ஒரு தப்பான நம்பிக்கை இருக்கிறது. எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறோமோ அவ்வளவு வேகம் வரும் என்பது. சின்னப் பிள்ளைகள் ராட்டினம் மாதிரி இரண்டு சுற்று சுற்றுவார்கள். விதிப்படி ஒன்றரைச் சுற்றுக்கு மேல் கூடாது, கூடும் என்றாலும் பிரயோஜனம் இல்லை. வட்டத்தின் வேலை வேறு. கை மேலே போய் வருகிற அந்த நேரத்தில் உடம்பு பலகையைத் தள்ளி முன்னால் போகிறது, முன்கால் தரையில் ஊன்றுகிறது. வட்டம் காலுக்கு நேரம் வாங்கித் தருகிறது. முன்னால் போன உடம்பை முன்கால் சட்டென்று நிறுத்தும்போது, அந்த வேகம் இடுப்புக்கு ஏறி, தோளுக்குப் போய், கைக்கு இறங்குகிறது. பஸ் சடன் பிரேக் போட்டால் நின்றுகொண்டிருப்பவர் முன்னால் பாய்கிறாரே, அதேதான். மேலே ஏறும்போது கை தளர்வாகப் போனால் போதும். உண்மையான வேலை 12 மணியிலிருந்து 6 மணிக்குள் நடக்கிறது.

இந்த மணிக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். வலதுகைப் பிட்சரை மூன்றாம் பேஸ் பக்கம், அதாவது அவருடைய வலது பக்கம் நின்று பார்த்தால், கை கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும். முன்னால் நீட்டியிருக்கும்போது 3 மணி, தலைக்கு மேலே 12, பின்னால் தோள் உயரத்தில் 9, இடுப்பருகே 6. இப்போது யோசித்துப் பாருங்கள்: சாரின் உண்டிவில்லில் கை இறங்குவதும் இதே 12இலிருந்து 6தான். அவர் சொல்லித்தருவது விண்ட்மில்லின் இரண்டாவது பாதி. இதை நான் கண்டுபிடித்து அவரிடம் சொன்னபோது, "அதான் நானும் சொல்றேன்மா, முதல் பாதி வெட்டி வேலை" என்றார். பதில் பேச முடியவில்லை.

ஆகவே இந்த முதல் கேள்வியில் எங்களுக்குப் பெரிய சண்டை இல்லை. விண்ட்மில். ஆனால் அதற்குள்ளேதான் அசல் கேள்வி ஒளிந்திருந்தது. சீனியர் பெண் போடுவதும் விண்ட்மில், கோச் அக்கா சொல்வதும் விண்ட்மில். இரண்டும் ஒன்றில்லை.

எங்கள் தெருமுனையில் ஒரு அடிபம்பு இருக்கிறது. அதை அடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கை கீழே பார்க்கிறது, கையை விறைப்பாக வைத்துக்கொண்டு அழுத்தித் தள்ளுகிறோம். சீனியர் பெண்ணின் வீச்சு அது. கை உச்சியில் இருக்கும்போது பந்தைப் பின்னால், இரண்டாம் பேஸைப் பார்த்துத் திருப்புவாள். அங்கிருந்து பந்தை அழுத்திக்கொண்டே கீழே வருவாள். அடியில் வந்ததும் மணிக்கட்டை மேல்நோக்கிச் சுண்டுவாள், கை மடங்கி, முழங்கை கேட்சருக்கு வணக்கம் சொல்கிற மாதிரி முன்னால் எழும்பும். அதனாலேயே இதற்கு ஹலோ எல்போ என்று பெயர். கூடவே "இடுப்பை மூடு, கதவைச் சாத்துற மாதிரி" என்பாள். பந்தை விடும் நேரத்தில் உடம்பு முழுக்கக் கேட்சரைப் பார்த்துத் திரும்பிவிடும்.

கோச் அக்காவுடையது சாட்டை. சாட்டையில் கைப்பிடி எவ்வளவு தூரம் போகிறது? ஒரு முழம். அது சட்டென்று நிற்கும், நுனி பறக்கும். இங்கே கைப்பிடி என்பது மேல்கை, நுனி என்பது பந்து. கை பின்னால் 9 மணிக்கு வரும்போது உள்ளங்கை வானத்தையோ மூன்றாம் பேஸையோ பார்த்திருக்கும். முழங்கை லேசாக மடங்கி, சுண்டுவிரல் பக்கம் முன்னே வரும். மேல்கை விலாவோடு வந்து சேர்ந்து வேகம் குறையும்போது, முன்கை இடுப்பில் லேசாக உரசி முன்னால் பாயும். பாயும்போதே உள்பக்கமாகப் புரளும். சொம்பிலிருந்து தண்ணீரை உள்பக்கம் சாய்த்து ஊற்றும்போது முன்கை எப்படிப் புரளுமோ அப்படி. பந்து அந்தப் புரளலில்தான் விரலை விட்டுப் போகும். இடுப்பு முழுக்க மூடாது, பாதி திறந்தே இருக்கும். பந்து போன பிறகு கை தளர்ந்து உடம்புக்குக் குறுக்கே எங்கேயாவது போய் முடியும். முடிவை யாரும் செய்வதில்லை, அது நடக்கிறது. கோச்சுகள் இதை உட்சுழற்சி என்கிற அர்த்தத்தில் இன்டர்னல் ரொட்டேஷன் என்று சொல்வார்கள், சுருக்கமாக ஐ.ஆர்.

இந்த இரண்டில் எது?

ஹலோ எல்போவின் பலம், அதை விளக்குவது சுலபம். பிள்ளைக்குத் தெளிவான ஒரு முடிவு நிலை இருக்கிறது, பார்க்கிற நமக்கும் சரியா தப்பா என்று உடனே தெரிகிறது. மெதுவான வேகத்தில் பந்து நேராகப் போகும். பத்து வயதுப் பிள்ளைகள் மேட்சில் ஜெயித்துவிடலாம். அதனால்தான் பல இடங்களில் இதைக் கற்றுத்தருகிறார்கள்.

எனக்கு இதில் ஒரே ஒரு கேள்வி. பந்து கையை விட்டுப் போன பிறகு முழங்கை எங்கே போனால் பந்துக்கு என்ன? முழங்கையைத் தூக்குவது பந்து போனபின் நடக்கிற வேலை. ஆனால் அதைச் செய்ய வேண்டும் என்கிற நினைப்பு, பந்து போவதற்கு முன்னாலேயே கையை விறைப்பாக்குகிறது. தூக்கத் தயாராகிற கை ஓடுகிற கை இல்லை. அதுபோல இடுப்பை முழுக்க மூடினால், கை வரவேண்டிய வழியில் இடுப்பே குறுக்கே நிற்கும், கை சுற்றிக்கொண்டு வெளியே போகும். மணிக்கட்டு முழங்கையைவிட விலகக் கூடாது என்ற விதி இருக்கிறதே, அங்கே இடிக்கும். சீனியர் பெண்ணை ஒரு அம்பயர் இரண்டு முறை இதற்குத்தான் எச்சரித்தார்.

இன்னொரு விஷயம், இது எனக்கே ஆச்சரியம். பெரிய பிட்சர்கள் பலரும் கிளாஸ் எடுக்கும்போது மணிக்கட்டைச் சுண்டு, முழங்கையை நீட்டு என்றுதான் சொல்கிறார்கள். அவர்கள் மேட்சில் எறிகிற வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தால், 9 மணியில் உள்ளங்கை வானத்தைப் பார்க்கிறது, முன்கை இடுப்பில் உரசிப் புரளுகிறது. சொல்வது ஒன்று, கை செய்வது இன்னொன்று. ஏமாற்று இல்லை. சின்ன வயதில் தங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததை அப்படியே திருப்பிச் சொல்கிறார்கள், கை மட்டும் எப்போதோ தன் வழியைக் கண்டுகொண்டது. என் அம்மாவிடம் குழம்புக்குச் செய்முறை கேட்டாலும் இதே கதைதான். சொன்னபடி செய்தால் அவர் குழம்பு வராது.

இப்போது சாட்டையின் குறைகள். முதல் இரண்டு மூன்று மாதம் பந்து எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. ஒன்று கேட்சர் தலைக்கு மேலே, இல்லை நம் காலுக்கு முன்னாலேயே குத்தும். விடும் நேரம் ஒரு நூல் தப்பினாலும் அவ்வளவுதான். அந்த நேரத்தில் மேட்சில் எறிந்தால் வாக் மேல் வாக். சொந்த டீம் பிள்ளைகளே முகத்தைச் சுளிப்பார்கள். அப்புறம், இடுப்பில் உரசட்டும் என்று சொன்னதை வேண்டுமென்றே இடிக்க வேண்டும் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். என் மகள் முதல் வாரத்தில் முன்கை நீலம் பாரித்து வந்தாள். உரசல் என்பது கை சரியாக வந்தால் கிடைக்கிற அடையாளம், இலக்கு இல்லை. முழங்கை எலும்பு இடித்தால் தப்பு, அதற்குக் கீழே சதை உரசினால் சரி. இந்த வித்தியாசத்தைக் கூடவே நின்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். வாரத்தில் ஒரே ஒருநாள் பயிற்சி, வீட்டில் யாரும் கேட்ச் பிடிக்க மாட்டார்கள் என்றால், நான் இதைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

அதையும் மீறி நாங்கள் சாட்டையைத்தான் எடுத்தோம். காரணம், பழக்கம் பதிந்துவிட்டால் மாற்றுவது மகா கஷ்டம். பதினாறு வயதில் ஹலோ எல்போவை அழித்து ஐ.ஆர் எழுதுவது, சுவரில் பெயின்ட் சுரண்டுகிற வேலை. அடியிலிருந்து பழைய கலர் எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். பன்னிரண்டு வயதில் நான்கு வாக் கொடுத்தால் யார் ஞாபகம் வைத்திருக்கப் போகிறார்கள்?

உங்கள் பிள்ளை இப்போது எதைப் போடுகிறாள் என்று தெரிந்துகொள்ள கோச் தேவையில்லை. மூன்றாம் பேஸ் பக்கம் நின்று ஃபோனில் ஸ்லோ மோஷனில் எடுங்கள். இடதுகைக்காரி என்றால் முதல் பேஸ் பக்கம். கை பின்னால் தோள் உயரத்துக்கு வரும் படத்தில் நிறுத்துங்கள். உள்ளங்கை தரையைப் பார்த்தால் அடிபம்பு. வானத்தையோ உங்களையோ பார்த்தால் சாட்டை. அவ்வளவே.

காலைப் பற்றி நீட்டாமல் சொல்கிறேன். பலகையைத் தள்ளிய பின்காலின் நுனியைத் தரையில் இழுத்துக்கொண்டு போவது டிராக். இரண்டு காலும் காற்றில் எழும்பி முன்கால் இறங்குவது லீப். எழும்பி, பின்காலை முன்னால் வேறு இடத்தில் ஊன்றி, மறுபடி அங்கிருந்து தள்ளுவது குரோ ஹாப், அது எங்கும் தப்பு. லீப் விஷயத்தில் விதிப் புத்தகங்கள் சமீப வருஷங்களில் தளர்ந்துகொண்டு வருகின்றன, ஆனாலும் டோர்னமென்ட்டுக்கு டோர்னமென்ட் கேட்டுக்கொள்வது நல்லது. பழக டிராக் போதும். எங்கள் மைதானம் சரளைக்கல், புது ஷூவின் முனை மூன்றே வாரத்தில் வாயைத் திறந்தது. மின்ட் பக்கம் செருப்பு தைக்கிறவரிடம் கொடுத்து டயர் ரப்பர் வைத்துத் தைத்தோம். ஷூவைவிட அந்த ஒட்டு உறுதியாக இருக்கிறது.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கீழ்க்கை வீச்சு இயற்கையானது, தோளுக்கு ஒன்றும் ஆகாது, எத்தனை பந்து வேண்டுமானாலும் எறியலாம் என்று மைதானத்தில் சொல்வார்கள். இதற்கு ஆதாரமாக 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கையும் இழுப்பார்கள். ஜப்பானின் யுகிகோ உஎனோ இரண்டு நாளில் மூன்று ஆட்டம் ஆடி 413 பந்து எறிந்து தங்கம் வாங்கினார். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலும் 39 வயதில் மறுபடி தங்கம். உண்மைதான். ஆனால் அவர் உஎனோ. விண்ட்மில் வீச்சை அளந்து பார்த்த ஆய்வுகளில், பந்தை விடும் நேரத்தில் தோளை வெளியே இழுக்கும் விசை உடல் எடையை நெருங்குவதைக் கண்டிருக்கிறார்கள். மேல்கையின் முன்பக்கத் தசை, மேலிருந்து எறிவதைவிடக் கீழிருந்து எறியும்போது அதிகமாக உழைப்பதையும் பார்த்திருக்கிறார்கள். நான் தோளின் முன்பக்கம் வலி என்று சொன்னேனே, அந்த இடம்தான். ஒரே பிட்சர் இருக்கிற பள்ளி டீமில் அந்த ஒருத்தியே காலையிலும் மாலையிலும் எறிவாள். எந்த வீச்சாக இருந்தாலும் இரண்டாவது பிட்சர் வேண்டும் என்று கேளுங்கள். இதற்கு சாரின் உண்டிவில் ரொம்ப உதவும். சீக்கிரம் கற்கலாம் என்பதால் இரண்டாவது, மூன்றாவது பிட்சரை அதில் தயார் செய்யலாம். சாரிடம் இதைச் சொன்னேன். அவருக்குப் பிடித்திருந்தது.

பந்து வகைகளிலும் இந்தத் தேர்வு வந்து சேரும். ரைஸ் பாலைக் கற்கத்தான் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆசை. பந்து பின்சுழற்சியோடு வருவதால் எதிர்பார்த்த அளவுக்கு விழாமல், மேலே எழும்புகிற மாதிரி தெரியும். நிஜமாக எழும்புவதில்லை. ஆனால் 0.4 விநாடியில் பேட்டர் ஸ்கேல் வைத்து அளக்கப் போகிறாளா? அதற்குக் கையை வேறு மாதிரி திருப்ப வேண்டும், வேகமும் வேண்டும். அவசரப்பட்டுக் கற்றால் அடிப்படை வீச்சும் கெட்டுப்போகும். முதலில் சேஞ்ச்-அப். அதே கை, அதே சுற்று, பந்து மட்டும் மெதுவாக. சின்னப் பிள்ளைகள் ஆட்டத்தில் இதற்கே பாதிப் பேர் பேட்டை முன்னாலேயே சுழற்றிவிடுவார்கள். அடுத்து, பேட்டர் பக்கம் வரும்போது கீழே விழுகிற டிராப், அதிலும் விரல் நுனியிலிருந்து உரித்து விடுகிற பீல் டிராப். சாட்டை வீச்சில் கை பழகிய பிள்ளைக்கு அது ஒரு சின்னத் திருத்தம்தான். காசிமேட்டுப் பக்கத்திலிருந்து மத்தியானத்துக்கு மேலே கடல் காற்று ஏறும். அந்தக் காற்றை எதிர்த்து எறிந்தால் டிராப் இன்னும் நன்றாக விழும், காற்று முதுகில் இருந்தால் மந்தமாகப் போகும். டாஸ் போடும்போது சார் சட்டைக் காலரைத் தூக்கிப் பிடித்துக் காற்று பார்ப்பார். சின்ன வயதில் அதை ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அமெரிக்காவில் பத்து வயதுக்குட்பட்டவர்களுக்கு 35 அடி, 11 அங்குலப் பந்து. பன்னிரண்டுக்குட்பட்டவர்களுக்கு 40 அடி. இங்கே மைதானத்தில் முழுத்தூரத்தையே எறிய வைக்கிறார்கள். தூரம் எட்டவில்லை என்றால் பிள்ளை தள்ளத்தான் செய்யும், அப்புறம் சாட்டை எங்கே வரும்? எங்கள் மொட்டை மாடி குறுக்கே 30 அடிகூட இல்லை. முதலில் அதைக் குறையாக நினைத்தேன், இப்போது அதுவே வசதி. பழைய போர்வையை இரட்டையாக மடித்துத் துணிக்கொடியில் தொங்கவிட்டு, 15 அடியிலிருந்து ஆரம்பித்தோம். முதல் வாரம் பந்தை ஒரு பழைய பள்ளி சாக்ஸுக்குள் போட்டு முடிந்து, சாக்ஸைப் பிடித்துக்கொண்டே கை வீசச் சொன்னேன். பந்து கையை விட்டுப் போகாது என்று தெரிந்ததும் பயம் போனது, கை தளர்ந்தது. பிறகு 9 மணியிலிருந்து 6 மணி மட்டும். பிறகு 12இலிருந்து. கடைசியில்தான் முழுச் சுற்று. பின்னாலிருந்து முன்னாலே கட்டிய வீடு.

மூன்று ஆசிரியர் விவகாரத்தை எப்படி முடித்தோம் என்று கேட்பீர்கள். வீச்சுக்கு அக்கா. காற்று, பேட்டரின் கால், எப்போது எந்தப் பந்து என்பதற்கெல்லாம் சார். அதில் அவரை யாரும் மிஞ்ச முடியாது. சீனியர் பெண்ணிடம் நானே போய்ப் பேசினேன். "ஆன்ட்டி, நான் மாத்திக்கட்டுமா?" என்றாள். அவளுக்கு இந்த வருஷம் டோர்னமென்ட் இருக்கிறது, பந்தும் நேராகப் போகிறது. இப்போது வேண்டாம், சீசன் முடிந்ததும் சனிக்கிழமை வந்து அக்காவைப் பார் என்றேன். இந்த டோர்னமென்ட்டில் என் மகள் எறிய மாட்டாள், வலப்பக்க ஃபீல்டில் நிற்பாள். சாருக்கு அது கொஞ்சம் வருத்தம்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாடியில் கவிழ்த்த பக்கெட் மேல் உட்கார்ந்து கேட்ச் பிடித்துக்கொண்டிருந்தேன். நாற்பது பந்து என்பது எங்கள் வீட்டு எல்லை. முப்பத்தி இரண்டாவது பந்து போர்வை முனையைத் தாண்டிக் கீழ்வீட்டுக்காரர் மாங்காய் வற்றல் காயவைத்திருந்த தட்டில் போய் விழுந்தது. முப்பத்தி மூன்றாவது, கிளவுஸை நான் நகர்த்தாமலேயே உள்ளே வந்தது. சத்தமே வேறு மாதிரி இருந்தது. என் மகள் தன் முன்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அம்மா, இப்ப இடிக்கல. உரசிச்சு" என்றாள். மீதி ஏழு பந்தில் நான்கு போர்வைக்கு வெளியே. வற்றலுக்கு மன்னிப்புக் கேட்கக் கீழே இறங்கிப் போனோம்.